ஈரச் சுவரில் வரையும் ஓவியர்

அன்புள்ள நண்பருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்தது. மகள் வீட்டில் நாங்கள் இருவரும் நலம். பேரனுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் பகலெல்லாம் வீடு கலகலப்பாக இருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள இந்தச் சார்லட் நகரத்தில் ஓவியம் என்று பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள். உண்டு, அதுவும் உங்களுக்கு மிகவும் பிடித்த சுவரோவியமே. பென் லாங் என்பவர் பழைய இத்தாலிய பிரெஸ்கோ முறையில், ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மீது வரைந்தவை அவை.

1945இல் பிறந்த இவர் இதே மாநிலத்தின் ஸ்டேட்ஸ்வில்லில் வளர்ந்தவர். வியட்நாம் போரில் கடற்படைக் காலாட்படையில் பணியாற்றியவர். அங்கே போர்க்களக் காட்சிகளை வரையும் பொறுப்பும் அவருக்கு இருந்தது. போரிலிருந்து திரும்பியபின் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குச் சென்று பியெத்ரோ அன்னிகோனியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1955இல் எலிசபெத் மகாராணியின் உருவப்படத்தை வரைந்து உலகப் புகழ் பெற்றாரே, அதே அன்னிகோனிதான். அந்தப் புகழை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுவதும் செல்வந்தர்களின் முகங்களையே வரைந்துகொண்டிருக்க முடியும் என்ற நிலையிலும், 1960களின் பிற்பகுதியில் போன்தே புஜ்ஜானேசே என்ற சிற்றூரின் தேவாலயச் சுவர்களில் பிரெஸ்கோ வரையத் தொடங்கினார் அவர். லாங் இந்தக் கலையைக் கற்றது அந்த ஆசிரியரின் சாரத்தில் ஏறி நின்றுதான். இந்தச் செய்திதான் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது; ஏன் என்று சொல்கிறேன்.

பிரெஸ்கோவின் வேதியியலை எவரும் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். நீண்ட காலம் ஊறிய சுண்ணாம்பையும் மணலையும் குழைத்து முதலில் சொரசொரப்பான பூச்சு. அது இறுகியபின், அன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவு இடத்துக்கு மட்டும் மெல்லிய மேற்பூச்சு. தாளில் முழு அளவில் வரைந்து வைத்திருக்கும் கோட்டுருவத்தின் விளிம்புகளில் ஊசியால் துளையிட்டு, அதை ஈரப் பூச்சின் மேல் வைத்துக் கரித்தூள் கட்டிய துணிப் பொதியால் தட்டினால், தாளை எடுத்ததும் சுவரில் கரும்புள்ளிகளாக உருவம் தெரியும். பிறகு தண்ணீரில் மட்டும் குழைத்த மண் நிறங்கள்: காவி, மஞ்சள் காவி, பச்சை மண், கருப்பு. பசையோ எண்ணெயோ எதுவும் இல்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மீண்டும் கல்லாக மாறும்போது நிறத்துகள்களையும் தன்னோடு சேர்த்துப் பூட்டிவிடுகிறது. அதனால் அந்த ஓவியம் சுவரின் மேல் இருப்பதில்லை, சுவராகவே ஆகிவிடுகிறது.

ஆனால் எந்தப் பக்கமும் சொல்லித்தராத ஒன்று, பூச்சு எப்போது நிறத்தை ஏற்கும் என்பது. பூசியவுடன் தூரிகையை வைத்தால் சுண்ணாம்பு கலங்கி நிறம் வெளிறுகிறது. தாமதித்தால் நிறம் உள்ளே இறங்காமல் பின்னாளில் பொடியாக உதிர்கிறது. இடையில் கிடைக்கும் சில மணி நேரம் அன்றைய வெயிலையும் காற்றையும் சுவரின் ஈரத்தையும் பொறுத்து மாறுகிறது. தூரிகை சுவரில் இழுபடும் விதத்தைக் கை உணர்ந்து கண்டுகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. பிழை நேர்ந்தால் அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மறுநாள் புதிதாகப் பூச வேண்டும். இத்தகைய அறிவு, ஒருவர் செய்ய இன்னொருவர் பக்கத்தில் நின்று பார்ப்பதால் மட்டுமே கைமாறும் என்று நான் முழு மனத்துடன் நம்புகிறேன். ஒரு தலைமுறை விட்டுப்போனால் சுண்ணாம்பும் மணலும் எஞ்சும், வேளை தெரிந்த கை எஞ்சாது.

இங்கிருந்து வடமேற்கே மலைப் பகுதியில், ஆஷ் மாவட்டத்தில், லாங்கின் பிரெஸ்கோக்கள் உள்ள இரண்டு சிறிய தேவாலயங்கள் இருக்கின்றன. இரண்டும் மரத்தால் கட்டியவை. அங்கு பொறுப்பிலிருந்த பாதிரியார் ஃபால்டன் ஹாட்ஜ், இலவசமாகவே வரைந்து தருகிறேன் என்று லாங் சொன்னதும் உடனே சம்மதித்துவிட்டாராம். வெஸ்ட் ஜெஃபர்சனிலுள்ள தேவாலயத்தில் 1974இல் லாங் வரைந்த மரியாள் நிறைமாதக் கர்ப்பிணி. கிறித்தவ ஓவியத்தில் குழந்தையை ஏந்திய மரியாளைக் கணக்கின்றிப் பார்த்திருக்கிறோம்; கர்ப்பிணியாக அவளைக் காட்டியவர்கள் மிகவும் குறைவு. இத்தாலியின் மோன்தெர்க்கியில் பதினைந்தாம் நூற்றாண்டு ஓவியர் பியெரோ தெல்லா ஃபிரான்செஸ்கா வரைந்ததுதான் அவற்றுள் புகழ்பெற்றது. அதில் கூடாரத் திரையை இருபுறமும் விலக்கிப் பிடிக்கும் தேவதூதர் இருவரும் ஒரே கோட்டுருவத் தாளைத் திருப்பிப் போட்டு வரையப்பட்டவர்கள் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். லாங்கின் மரியாளிடம் அத்தகைய அரசியின் கம்பீரம் இல்லை. மலையூர்ச் சாலையில் எதிரே வரக்கூடிய ஓர் இளம்பெண்ணாகத்தான் அவள் நிற்கிறாள். எனக்கு அதுவே அதிகம் பிடித்தது.

இரண்டாவது தேவாலயம் இருக்கும் கிளெண்டேல் ஸ்பிரிங்ஸில் 1980இல் லாங் வரைந்த இறுதி இராவுணவு, அதாவது இயேசு தம் சீடர்களோடு கடைசியாக உண்ட காட்சி, பீடத்துக்குப் பின்னாலுள்ள சுவரை நிறைத்திருக்கிறது. சீடர்களின் முகங்களுக்கு அக்கம்பக்கத்து மனிதர்களையே மாதிரியாக வைத்துக்கொண்டார். லியொனார்தோ டா வின்சி தம் இறுதி இராவுணவை ஈரப் பூச்சில் வரையவில்லை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. நினைத்தபோதெல்லாம் நிறுத்தி, திருத்தி, மெல்ல வரைய விரும்பிய அவர் உலர்ந்த சுவரைத் தேர்ந்தார். அவர் காலத்திலேயே அந்த ஓவியம் உதிரத் தொடங்கிவிட்டது.

சார்லட் நகரின் நடுவே அறுபது மாடி வங்கிக் கட்டடத்தின் முகப்புக் கூடத்திலும் 1992இல் லாங் வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள் இருக்கின்றன. மண்வெட்டி பிடித்த தொழிலாளர்கள் அங்கே இருப்பதைப் பாராட்டுகிறேன். எனினும் மலைத் தேவாலயங்களின் நெருக்கம் அவற்றில் இல்லை.

வருத்தமான செய்தி ஒன்றும் உண்டு. இதே நகரின் புனித பேதுரு தேவாலயத்தில் 1989இல் அவர் முடித்த பிரெஸ்கோ 2002இல் இடிந்து விழுந்துவிட்டது. கல்லாக மாறிய ஓவியம் என்றாலும், அதைத் தாங்கும் சுவரின் கதிதான் அதற்கும்.

ஆனாலும் கை நின்றுபோகவில்லை. லாங்கிடம் பயின்ற கிறிஸ்டோபர் ஹோல்ட், ஆஷ்வில் நகரில் வீடற்றோருக்கு உணவளிக்கும் ஹேவுட் தெருத் தேவாலயத்தில் 2019இல் ஒரு பெரிய பிரெஸ்கோவை முடித்திருக்கிறார். இயேசு தம் மலைப்பொழிவில் எளியோரைப் பேறுபெற்றோர் என்று வாழ்த்திய சொற்களே அதன் பொருள். அந்தத் தேவாலயத்துக்கு வரும் எளிய மனிதர்களின் முகங்களே அதில் இருக்கின்றன. அன்னிகோனியிடமிருந்து லாங்குக்கும், லாங்கிடமிருந்து ஹோல்டுக்கும் ஈரச் சுவரின் வேளை கைமாறி வந்திருப்பதை எண்ணும்போது எனக்குப் பெரும் மகிழ்ச்சியாக இருக்கிறது. அடுத்த மாதம் மருமகன் அங்கே அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு விரிவாக எழுதுகிறேன்.

தங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். கோயில் திருப்பணிகளில் கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்புச் சாந்து குழைக்கும் கொத்தனார் ஒருவரைத் தங்களுக்குப் பழக்கம் என்று முன்பு சொல்லியிருக்கிறீர்கள். நீர்த்த சுண்ணாம்பை அவர் எத்தனை நாள் ஊறப்போடுகிறார், மேற்பூச்சை மெழுகுவதற்கு ஏற்ற பதத்தை எதைக் கொண்டு அறிகிறார், அவரிடம் தொழில் கற்கும் இளைஞர் எவரேனும் உண்டா என்று விசாரித்து எழுதுங்கள். அவர் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. வீட்டில் அனைவருக்கும் எங்கள் அன்பைச் சொல்லுங்கள்.

தங்கள் அன்பு நண்பன்