டயாலிசிஸ் சார்ட்டில் மனநிலைக்கும் ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மன உளைச்சல் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று மருத்துவப் பக்கங்களில் அடிக்கடி படிக்கிறோம். நல்லதுதான். ஆனால் ‘கவலையை விடுங்கள், யோகா செய்யுங்கள்’ என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. எந்த வழியாகக் கெடுக்கிறது, எங்கே தடுத்து நிறுத்தலாம் என்பது வருவதே இல்லை. டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் என்ற முறையில் அதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறோம்.

கவலை மட்டுமே யாருடைய சிறுநீரகத்தையும் செயலிழக்க வைத்துவிடாது. முதல் காரணங்கள் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும்தான். உளைச்சல் இந்த இரண்டையும் ஏற்றிவிடுகிறது. பதற்றம் நீடித்தால் அட்ரினலினும் கார்டிசாலும் கூடுதலாகச் சுரக்கும், ரத்தக்குழாய்கள் இறுகும். சிறுநீரகமும் தன் பங்குக்கு ரெனினைச் சுரந்து உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். ராத்திரி தூக்கம் கெட்டவருக்கு, தூக்கத்தில் இயல்பாக இறங்க வேண்டிய பிபி இறங்குவதில்லை. இப்படியே வருடக்கணக்கில் போனால் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசியத் தொடங்கும்.

இதைவிடப் பெரிய சேதம் மாத்திரை அட்டையில் நடக்கிறது. மனச்சோர்வு வந்தவர் ‘மாத்திரையை நிறுத்திவிட்டேன்’ என்று யாரிடமும் சொல்வதில்லை. இரண்டு நாள் போடுவார், மூன்று நாள் விட்டுவிடுவார். முப்பது மாத்திரை வாங்கிப் போனவரிடம் மாதக் கடைசியில் பன்னிரண்டு மிச்சம் இருந்தால், பிபி ஏன் குறையவில்லை என்று புது மாத்திரை எழுதிப் பயனில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் பெண்கள், ‘பழைய அட்டையைக் கொஞ்சம் காட்டுங்கக்கா’ என்று கேட்டு எண்ணிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

அடுத்தது வலி மாத்திரை. உளைச்சலில் இருப்பவருக்குத் தலைவலி, கழுத்துவலி, உடம்புவலி விடாது. மெடிக்கலில் சொல்லி டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் என்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் குழாயை விரித்து வைத்திருக்கும் சுரப்பை இந்த மாத்திரைகள் தடுத்துவிடும். ஏற்கெனவே பிபிக்கு டெல்மிசார்டானோ ராமிப்ரிலோ போடுபவருக்கு ரத்தம் வெளியேறும் குழாய் தளர்ந்திருக்கும். அதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்து, வெயில் காலத்தில் தண்ணீரும் சரியாகக் குடிக்காவிட்டால், நாலைந்து நாளிலேயே ரத்தத்தில் கிரியேட்டினின் (தசையில் உருவாகி, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) எகிறிவிடும். சர்க்கரை, பிபி உள்ளவர்கள் வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடட்டும். வருடத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் கிரியேட்டினினும், சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதமும் பார்க்க வேண்டும். இந்த விகிதம் 30-க்கு மேல் மூன்று மாதம் நீடித்தால், கிரியேட்டினின் நார்மல் என்று ரிப்போர்ட் வந்தாலும் சிறுநீரக நோய் தொடங்கிவிட்டது என்றே பொருள்.

டயாலிசிஸுக்கு வருபவர்களின் கதை வேறு. மனநல மருத்துவர் நேரில் பேசிப் பார்த்த ஆய்வுகளின்படி, இவர்களில் ஏறத்தாழ நாலைந்து பேருக்கு ஒருவர் மனச்சோர்வில் இருக்கிறார். அது கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. அசதி, பசியின்மை, தூக்கமின்மை மூன்றும் யூரியா கூடினாலும் வரும், ஹீமோகுளோபின் குறைந்தாலும் வரும். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் கபாபென்டின், பிரெகாபலின் மாத்திரைகள் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அளவைக் குறைக்காமல் கொடுத்தால் உடம்பில் தேங்கி ஆளை மந்தமாக்கிவிடும். அதனால் முதலில் ஹீமோகுளோபின், தைராய்டு, டயாலிசிஸ் போதுமான அளவு நடக்கிறதா, மாத்திரைச் சீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும், பேரன் பேத்தி வந்து நின்றால்கூட முகம் மலராமல், ‘எதுக்கு சிஸ்டர் இந்த ஊசியெல்லாம்’ என்று கேட்பவரை இனி விட்டுவிடக் கூடாது.

ஏன் என்றால், சோர்ந்தவர் முதலில் குறைப்பது மெஷினில் இருக்கும் நேரத்தைத்தான். ‘இன்னிக்கு அரை மணி முன்னாடியே இறக்கி விட்டுருங்க’ என்பார். வாரம் இரண்டு முறை வருபவர் ஒவ்வொரு தடவையும் அரை மணி குறைத்தால், மாதம் எட்டு தடவையில் நாலு மணி நேரம் போய்விடும். ஒரு முழு டயாலிசிஸையே தவறவிட்ட கணக்கு அது.

எடைக் கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. டிரை வெயிட், அதாவது கூடுதல் நீர் தேங்காதபோது இருக்க வேண்டிய எடை, 55 கிலோ உள்ளவர் 58.5 கிலோவோடு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 3.5 லிட்டரை நாலு மணி நேரத்தில் எடுத்தால், ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 16 மில்லி ஆகிறது. 13 மில்லியைத் தாண்டினால் இதயத்துக்கு ஆபத்து கூடும் என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கில் இவருக்கு நாலு மணியில் 2.8 லிட்டர்தான் எடுக்கலாம். மீறி எடுத்தால் பிபி சரியும், கெண்டைக்கால் பிடிக்கும், வீட்டுக்குப் போய் மறுநாள் வரை எழுந்திருக்க முடியாது. அந்த அசதியிலேயே மனம் இன்னும் இறங்கும், அடுத்த முறை வரவே மறுப்பார். தாகத்தை அடக்காததற்கு நோயாளியைத் திட்டுவது எங்கள் துறையில் சகஜம். தூக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ எழுதிக் கொடுத்த அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தித் தாகத்தைக் கூட்டுகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கும். மனம் சோர்ந்து சாப்பாடு குறைந்தவரின் சதை கரைந்து, உண்மையான டிரை வெயிட் 52-க்கு வந்திருக்கும். சார்ட்டில் பழைய 55-ஐயே வைத்து இறக்கினால், மூன்று லிட்டர் நீர் உடம்பிலேயே நிற்கும். பிபி இறங்காது, படுத்தால் மூச்சு வாங்கும். வேடிக்கை என்னவென்றால், சதை குறைந்ததால் கிரியேட்டினினும் குறையும். ‘ரிசல்ட் நல்லா வந்திருக்கே’ என்று வீட்டில் மகிழ்வார்கள். கிரியேட்டினினும் ரத்தத்தில் உள்ள ஆல்புமினும் சேர்ந்து இறங்கினால் அது நல்ல செய்தி அல்ல. என்ன சாப்பிடுகிறார், எப்படி இருக்கிறார் என்று உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம் அது.

கேட்பதற்கு ஒரு தாள் போதும். பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். கேட்கும் இடமும் நேரமும் முக்கியம். பக்கத்துக் கட்டிலில் தெரிந்தவர், காலடியில் மனைவி என்று இருக்கும்போது கேட்டால் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்ற பதில்தான் வரும். மெஷினில் ஏற்றும் முன், எடை பார்க்கும்போது, தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். கடைசி ஒரு மணி நேரத்தில் கேட்கவே கூடாது, அப்போது எல்லாருமே துவண்டிருப்பார்கள். ஒன்பதாவது கேள்வி உயிரை விடும் எண்ணம் பற்றியது. அதற்கு 1 என்று வந்தாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. டயாலிசிஸ் நிலைக்கு வராத சிறுநீரக நோயாளிகளிடம் மனச்சோர்வுக்கான செர்ட்ராலின், மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று 2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. டயாலிசிஸ் நோயாளிகளிடம் 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வில், நாற்காலி அருகிலேயே உட்கார்ந்து கொடுத்த பேச்சுவழிச் சிகிச்சையைவிட செர்ட்ராலின் கொஞ்சம் கூடுதலாக உதவியது, பக்கவிளைவுகளும் கூடுதலாக இருந்தன. எங்கள் கருத்தில் இரண்டும் வேண்டும். நாலு மணி நேரம் நகராமல் இருக்கும் நோயாளியைத் தேடி ஆலோசகர் வருவதைவிட வசதி வேறென்ன? மனநிலையைச் சீராக்க லித்தியம் என்ற மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் தனிக் கவனம் எடுக்க வேண்டும். நீண்ட காலப் பயன்பாட்டில் அது சிறுநீரகத்தையே பாதிக்கக்கூடும். வலி மாத்திரையோ, பிபிக்கான சில மாத்திரைகளோ சேர்ந்தால் ரத்தத்தில் அதன் அளவு நச்சு நிலைக்கு ஏறும். அதற்காகத் தானே நிறுத்துவதும் ஆபத்து. லித்தியம் அளவு, கிரியேட்டினின் இரண்டையும் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரசிடம் நாங்கள் கேட்பது பெரிய செலவு இல்லை. டயாலிசிஸ் சார்ட்டில் எடை, பிபி, எடுத்த நீர் என்று கட்டங்கள் இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிரப்ப மனநிலை மதிப்பெண்ணுக்கும் ஒரு கட்டம் சேருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் வாரத்தில் ஒரு நாள் டயாலிசிஸ் பிரிவுக்கு வரட்டும். கூலி வேலை செய்பவர் வாரம் மூன்று பகல் பொழுதை இங்கே கழித்தால் வேலை போய்விடும். வேலை போனவரிடம் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பதில் அர்த்தமில்லை. மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையிலாவது மாலை ஆறு முதல் பத்து வரை ஒரு ஷிஃப்ட் தொடங்கி, அதில் வேலைக்குப் போகிறவர்களுக்கு முதல் இடம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் செவிலியர்கள், டெக்னீஷியன்கள் சிலர்,
திருநெல்வேலி