நல்ல நேரம் பள்ளிக்கு, கெட்ட நேரம் எங்களுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பிள்ளை வளர்ப்புக் கட்டுரையில் ஒரு வரி: "பள்ளியில் அடக்கமாக இருக்கும் பிள்ளை வீட்டுக்கு வந்தால் ஆடுகிறது என்றால், குறை வளர்ப்பில்தான்." என் மகளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இத்தனை வருஷம் அதை நினைத்து வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றுதான் நல்லவேளை என்று தோன்றியது.

என் பேரனுக்கு ஒன்பது வயது. கவனம் நிற்காத கோளாறு என்று சொல்லி ரிட்டாலின் கொடுக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு ஒன்று, பதினொரு மணிக்குப் பள்ளியில் ஒன்று. அந்த மாத்திரை ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேலை செய்யும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள், அது இறங்குவது எத்தனை மணிக்கு, பையன் அப்போது யாரிடம் இருக்கிறான் என்று. ஆசிரியைக்கு ஒரே சந்தோஷம், "பையன் தங்கமாக மாறிவிட்டான்" என்கிறார். மூன்றரை மணிக்கு என் சமையலறைக்கு வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் ஷூ கயிறு முடிச்சு அவிழவில்லை. அதற்காக ஷூவைக் கழற்றி ஜன்னலில் வீசினான். அப்புறம் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து, கட்டைவிரல் ஓரத்துத் தோலைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். பள்ளிச் சட்டையின் கை ஓரமெல்லாம் ரத்தப் புள்ளி. "நிறுத்தணும்னுதான் பாக்கறேன் ஆயா, நிக்க மாட்டேங்குது" என்றான். டப்பாவைத் திறந்தால் பீன்ஸ் கறி வைத்த ரொட்டி காலையில் வைத்தபடியே இருந்தது. இரவு ஒன்பது மணிக்குத்தான் பசி எடுக்கும். பதினொன்றானாலும் தூக்கம் வராது.

ஆகஸ்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய அன்று, கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் கூழ்க் கிண்ணத்தை எட்டி உதைத்தான். அப்பன் இல்லாத பிள்ளை அப்படித்தான் என்றாள் ஒருத்தி. கண்ணேறு என்றாள் இன்னொருத்தி. தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த என் மகள், கீழே கொட்டிய கூழைத் தன் முந்தானையால் துடைத்தாள். இதைத்தான் வளர்ப்பில் குறை என்கிறீர்களா?

இந்த மாத்திரை நம் தென்னாப்பிரிக்காவில் ஆறாம் அட்டவணை மருந்து, அதாவது கடும் கட்டுப்பாட்டில் விற்கும் மருந்து. ஒரு மாதச் சீட்டை மறு மாதம் காட்டி வாங்க முடியாது, ஒவ்வொரு தடவையும் புதிதாக எழுதி வாங்க வேண்டும். அதனால் ஐந்து மாதமாகத் தவறாமல் வரிசையில் நின்றோம். ஐந்து மாதமும் ஆசிரியை நிரப்பிய படிவத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதினார்கள். வீட்டில் எப்படி இருக்கிறான் என்று ஒருவர் கேட்கவில்லை. ஆறாவது மாதம் நானே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போனேன். எத்தனை மணிக்குக் கத்தினான், எத்தனை மணிக்குச் சாப்பிட்டான், எப்போது தூங்கினான், எல்லாம் எழுதியிருந்தேன். இளம் டாக்டர் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்தார். மருந்து இறங்கும்போது சில பிள்ளைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். மதியத்துக்குப் பிறகு சின்ன அளவு ஒன்று சேர்த்தார், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகே முதல் மாத்திரை என்றார். மூன்று வாரத்தில் சாயங்காலங்கள் தணிந்தன. விரலை இன்னும் பிய்க்கிறான்தான்.

மருந்தே கூடாது என்று நான் எழுதவில்லை. அதை எடுக்கத் தொடங்கிய பிறகுதான் அவன் ஒரு கதைப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தான். டாக்டரைக் கேட்காமல் யாரும் நிறுத்தவும் வேண்டாம்.

ஆனால் பிள்ளையின் குணம் திடீரென்று மாறினால், புது மருந்து ஏதாவது தொடங்கினார்களா, அளவைக் கூட்டினார்களா என்று முதலில் கேட்க வேண்டாமா? இதே டர்பனில் ஆலைப் புகைக்கு நடுவே மெர்பாங்கில் இருக்கும் என் தங்கையின் பேத்திக்கு ஆஸ்துமாவுக்கு மாண்டெலுகாஸ்ட் கொடுத்தார்கள். மனநோய் மருந்துகூட இல்லை அது. ராத்திரி ராத்திரி அலறி எழுந்தாள். பேய் பிடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப் போனார்கள். அந்த மருந்து மனநிலையைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-ல் மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி எச்சரித்தது. மனச்சோர்வு மாத்திரைகளுக்கு 2004-லேயே அப்படிச் செய்தார்கள். 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளில் 100-க்கு 2 பேருக்கு, மருந்து சாப்பிட்டவர்களில் 4 பேருக்கு. அந்த ஆய்வுகளில் எந்தப் பிள்ளையும் சாகவில்லை. ஆனாலும் முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும் கூடவே இருந்து கவனிக்க வேண்டியவை. இதெல்லாம் பத்திரிகை நடத்தும் உங்களுக்குத் தெரியாததல்ல.

தமிழ் வகுப்பு மூடப்பட்டது பற்றி இரண்டு கடிதம் எழுதினேன், இரண்டும் உங்கள் இதழில் வரவில்லை. காவடிப் படங்களுக்கு எட்டுப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், சந்தோஷம். எனக்குக் கால் பக்கம் போதும். பிள்ளைகளுக்கு மருந்து தொடங்கும்போது தூக்கம், பசி, எரிச்சல், அழுகை, தன்னையே காயப்படுத்திக்கொள்வது இவற்றையெல்லாம் நேரம் போட்டு எழுதி டாக்டரிடம் காட்டச் சொல்லித் தமிழில் ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். இந்த ஊரில் உங்கள் இதழைப் படிப்பது பெரும்பாலும் என்னைப் போன்ற ஆயாக்கள்தான். பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் நாங்கள்தான்.

கட்டுரை எழுதியவர் விரும்பினால் என் நோட்டுப் புத்தகத்தை வந்து பார்க்கலாம். இரண்டு மணிக்கு முன்னால் வரச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பையன் வந்துவிடுவான்.

இப்படிக்கு,
ஓர் ஆயா,
சாட்ஸ்வொர்த், டர்பன்.