மணியை மலைக்குக் கூட்டிப்போகுமுன், கயலுக்கு

அன்புள்ள கயல்,

இலைகள் நிறம் மாறும் அக்டோபரில் உன் நாய் மணியோடு ஓல்ட் ராக் மலை ஏறலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. அந்த மலை இருக்கும் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவில் 500 மைலுக்கு மேல் நடைபாதைகள் இருக்கின்றன. ஏறக்குறைய 20 மைல் போக மற்ற எல்லாவற்றிலும் நாய்க்கு அனுமதி உண்டு. ஓல்ட் ராக் அந்த 20 மைலுக்குள் மாட்டிக்கொண்டது. உச்சியை நெருங்கும்போது பாறை இடுக்குகளில் கை ஊன்றி, உடம்பை இழுத்துத்தான் ஏற வேண்டும். அங்கே 28 கிலோ லாப்ரடாரை யார் தூக்குவது? டார்க் ஹாலோ அருவிப் பாதை, பேர்ஃபென்ஸ், ஸ்டோனி மேன், லிம்பர்லாஸ்ட் பாதைகளிலும் நாய்க்கு இடமில்லை.

அருவிதான் வேண்டுமென்றால் பூங்காவின் நடுவே ஓடும் ஸ்கைலைன் டிரைவ் சாலையில் 49.4-வது மைலில் ஃபிஷர்ஸ் கேப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ரோஸ் ரிவர் சுற்றுக்குப் போ. சுமார் 4 மைல். உச்சி வேண்டுமென்றால் ஹாக்ஸ்பில், 4,050 அடி, பூங்காவிலேயே உயரமானது அதுதான். 45.5-வது மைலில் தொடங்கும் பாதை தூரத்தில் சிறியது, ஆனால் செங்குத்து. 46.5-ல் தொடங்கும் மேல் பாதை போக வர 2 மைலுக்குச் சற்றுக் கூடுதல், ஏற்றமும் மெதுவாக வரும். முதல் தடவைக்கு அதுவே சரி. ஏறுவதைவிட இறங்குவதுதான் நாயை வாட்டும். சமதரையிலேயே நாயின் எடையில் 60 சதவீதம் முன்னங்கால்களில்தான் இருக்கிறது. இறக்கத்தில் அது இன்னும் கூடி தோள்பட்டையில் இறங்கும்.

கயிறு 6 அடிக்கு மேல் கூடாது என்பது பூங்கா விதி. பொத்தானை அழுத்தினால் நீளும் ரகத்தை வீட்டிலேயே வைத்துவிடு. அது மரத்தில் சுற்றிக்கொள்ளும், அவசரத்தில் கையையும் அறுக்கும். கழுத்துப்பட்டையில் பெயர்த்தகடு மட்டும் இருக்கட்டும். கயிற்றை, மார்பைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸில், முதுகில் கைப்பிடி உள்ளதாகப் பார்த்து மாட்டு. வாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்பில் கட்டும் கயிறு ஏற்றத்தில் சுகம்தான். ஈர இலை மூடிய இறக்கத்தில் மணி ஒரு அணிலைப் பார்த்தால் நீ உருண்டுவிடுவாய். அங்கே கையில் பிடித்துக்கொள்.

“மணி சாது, அவிழ்த்துவிட்டால் என்ன” என்று யாராவது சொல்வார்கள். அங்கே கருங்கரடிகள் உண்டு. அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்தும், கரடி திரும்பினால் நாய் எசமானியிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே கரடியும் வரும். காப்பர்ஹெட் பாம்பின் நிறம் உதிர்ந்த இலையின் நிறமேதான், டிம்பர் ரேட்டில் ஸ்னேக் என்ற இன்னொரு விஷப்பாம்பு வெயில்படும் பாறையில் படுத்திருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடாதே, கீறாதே, ஐஸ் வைக்காதே. முடிந்தவரை நடக்கவிடாமல் இறக்கி, விஷமுறிவு மருந்து வைத்திருக்கும் கால்நடை மருத்துவமனைக்குப் போ. எது வைத்திருக்கிறது என்று கிளம்புவதற்கு முந்தைய நாளே போன் செய்து கேட்டுக்கொள். பூங்காவுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது.

தண்ணீர். சும்மா படுத்திருந்தாலே மணிக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டும். நாலு மைல் நடைக்கு, உன் பாட்டில் போக அவனுக்கென்று ஒரு லிட்டராவது எடுத்துக்கொள். வெயில் இருந்தால் இன்னும் அரை லிட்டர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்குக் கொடு. தாகம் முற்றவிட்டு ஒரேயடியாக ஊற்றினால் கக்கிவிடுவான். ஓடைத் தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருக்கும், அதில் ஜியார்டியா, லெப்டோஸ்பைரா என்ற நோய்க்கிருமிகள் இருக்கலாம். லெப்டோவுக்குத் தடுப்பூசி உண்டு. முதல் தடவை சில வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு வருடம் ஒன்று.

அக்டோபர்தானே, வெப்பத்தாக்கு வராது என்று நினைக்காதே. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். கொழுத்த லாப்ரடார் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் திணறும். நாக்கு அகன்று தொங்குவது, எச்சில் கோந்து மாதிரி ஆவது, ஈறு கருஞ்சிவப்பாவது, பின்னங்கால் தள்ளாடுவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் நில். நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்று, தொப்பியால் விசிறு. ஈரத்துண்டைப் போர்த்திவிடாதே, உள்ளே சூடு தங்கும். குளிரவைத்த பிறகுதான் காருக்குத் தூக்கிப்போக வேண்டும்.

தின்பண்டத்தில் நம் வீட்டு வழக்கம் ஒன்று ஆபத்து. முந்திரி, உலர் திராட்சை, சாக்லெட் கலந்த பொட்டலத்தைப் பையில் போட்டுக்கொள்வாய். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சாக்லெட்டும் நஞ்சு. வெங்காயம் போட்ட எலுமிச்சை சாதமும் வேண்டாம். அவனுக்கு அவனுடைய தீனியே போதும். முழுச் சாப்பாட்டை ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிட்டு, வழியில் கைப்பிடி கைப்பிடியாகக் கொடு. உன் தலைவலி மாத்திரையைப் பாதி உடைத்துக்கூடக் கொடுக்காதே. இபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் நாய்க்கு விஷம்.

அடிக்கடி கெடுவது பாதம். கம்பளத்திலும் புல்லிலும் நடந்த பாதம் அது, ஷெனாண்டோவாவின் பல உயரங்களில் இருப்பது சொரசொரப்பான கிரீன்ஸ்டோன் பாறை. கிளம்புவதற்கு மூன்று நாலு வாரம் முன்பிருந்தே சரளைப் பாதையில் நடத்தித் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போ. காலுறைச் செருப்பு வாங்கினால் வீட்டுக்குள்ளேயே ஒரு வாரம் போட்டுப் பழக்கு, இல்லாவிட்டால் தீ மிதிப்பவன் மாதிரிக் காலைத் தூக்கித் தூக்கி வைப்பான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நாலு பாதத்தையும் திருப்பிப் பார். கிழிந்திருந்தால் கழுவி, காஸ் துணி வைத்து, தன்மேல் தானே ஒட்டும் பேண்டேஜைத் தளர்வாகச் சுற்று. நடு இரண்டு விரல்களின் நுனி வெளியே தெரியட்டும். அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகி வீங்கினால் கட்டு இறுகிவிட்டது, உடனே அவிழ். மேலே உன் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டு.

முதுகுப்பை மணிக்கு வேண்டுமானால் மாட்டலாம், இரண்டு வயது ஆகிவிட்டதே. முதலில் வெறும் பை, பிறகு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.8 கிலோ, இரண்டு பக்கமும் சமமாக. மலம் அள்ளிய பை அதிலேயே போகட்டும். திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பாதையோரம் வைத்தவர்களின் பைகள் அங்கேயேதான் கிடக்கின்றன.

உண்ணிக்கு வருகிறேன். கருங்கால் உண்ணியில் வளர்ந்தவை இலையுதிர் காலத்தில்தான் மும்முரமாக அலையும், உறைபனி இல்லாத குளிர்கால நாளிலும் அலையும். எனவே உண்ணிக்கான மாத மாத்திரையை அக்டோபரில் நிறுத்தாதே. லைம் நோய்க் கிருமி உள்ளே போக உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் கடித்துக்கொண்டிருக்க வேண்டும். அன்றிரவே தேடி எடுப்பதன் பலன் அதுதான். காதுக்குள், இமையோரம், கழுத்துப்பட்டைக்குக் கீழே, அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு, வாலடி என்று முடியை எதிர்த்திசையில் விலக்கித் தடவு. அகப்பட்டால் கூர்முனை ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக, ஒரே சீராக இழு. மண்ணெண்ணெய், தீக்குச்சி, வாசலின் எதுவும் வேண்டாம். பாய்சன் ஐவி என்ற அரிப்புச் செடி மணியை ஒன்றும் செய்யாமல் போகலாம், அவன் முடியில் ஒட்டிய எண்ணெய் உன் கையைப் புண்ணாக்கும். கையுறை போட்டுக் குளிப்பாட்டு.

அக்டோபர் கடைசியில் ஆறே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். காலையிலேயே போ. மணி தானாக “போதும்” என்று சொல்லமாட்டான், லாப்ரடார் விழும்வரை பின்னால் வரும். தண்ணீர் பாதியானாலோ, அவன் நிழலைத் தேடிப் படுத்தாலோ, உச்சி எதிரே தெரிந்தாலும் திரும்பிவிடு. மறுநாள் காலை படுக்கையிலிருந்து எப்படி எழுகிறான் என்று பார். விறைத்து நடந்தால் அடுத்த ஞாயிறு மலை வேண்டாம், வீட்டுப் பக்கத்துப் பூங்காவைச் சுற்றி அரை மணி நேரம் நடத்து.

அன்புடன்,
அக்கா