பென்டிரைவில் தங்கும் பாட்டு

சத்துவாச்சாரி,
மார்கழி முதல் வாரம்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். அங்கே பிரிட்டனில் குளிர் எலும்பைத் துளைக்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் விடியற்காலையில் பனி இறங்குகிறது. ஒன்பது மணி ஆனால் போதும், வேலூர் வெயில் தன் வேலையைக் காட்டிவிடும். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவள் காட்பாடியில் கல்லூரிக்குப் போய்வருகிறாள். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் நாம் கேசட் பதிந்து கொடுத்த கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதால் மைக்செட் சாமான்கள் எல்லாம் கொட்டகையில் தூங்குகின்றன. பிள்ளையார் கோயிலில் திருப்பாவைக்கு ஒரு பாக்ஸும் ஆம்ப்ளிஃபையரும் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் ஆற அமர எழுத நேரம் இருக்கிறது. "அங்கே இப்போ எந்தப் பாட்டுடா முதலிடம், நீ என்ன நினைக்கிறாய்" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பதில் அப்படி ஒரே வரியில் வராது.

முதலில், எந்தப் பட்டியலில் முதலிடம்? வெள்ளிக்கிழமை ஆனால் உனக்கு ஒரே பட்டியல், ஊருக்கே பொது. இங்கே ஸ்பாட்டிஃபைக்கு ஒன்று, யூடியூபுக்கு ஒன்று, 2022-இலிருந்து அமெரிக்கப் பத்திரிகை பில்போர்டு போடும் இந்தியப் பட்டியல் ஒன்று. நம் பசங்கள் நம்பியது யூடியூபின் 'ட்ரெண்டிங்' பக்கத்தைத்தான். படத்தின் முதல் பாட்டு வெளியான மறுநாள் காலை, "டிரெண்டிங் நம்பர் ஒன்" என்று போஸ்டரே அடித்துவிடுவார்கள். 2025 ஜூலையில் அந்தப் பக்கத்தை மூடிவிட்டார்கள். போஸ்டர் மட்டும் நிற்கவில்லை. 'இத்தனை கோடி பார்வை' என்று மாற்றிக்கொண்டார்கள். 2019-இல் ஒரு இந்திப் பாட்டு ஒரே நாளில் 7.5 கோடி பார்வை என்று மார்தட்டியது நினைவிருக்கிறதா? விளம்பரமாக ஓட்டியதும் அதில் சேர்ந்திருந்தது தெரியவந்து, காசு கொடுத்து வாங்கிய பார்வையைப் பாட்டுப் பட்டியலில் எண்ணமாட்டோம் என்று யூடியூபே சொல்லவேண்டியதாயிற்று. அதிலிருந்து கோடிக் கணக்கை எவன் சொன்னாலும் நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். உண்மையான புதுச் செய்தி என்று எனக்குத் தோன்றுவது, சினிமா இல்லாத பாட்டு சினிமாப் பாட்டோடு தோளுரசி நிற்பதுதான். பாடகர் திப்பு, பாடகி ஹரிணி தெரியுமில்லையா, அவர்கள் பையன் சாய் அபயங்கர் 2024 ஜனவரியில் 'கட்சி சேர' என்று ஒரு தனிப்பாட்டு விட்டான். படமும் கிடையாது, கதாநாயகனும் கிடையாது. தை மாதக் கல்யாணத்திலேயே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் எனக்கு அலட்சியம்தான். பாக்ஸில் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பையனுக்கு எங்கே அடியைக் கொடுக்கவேண்டும், எங்கே விடவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. அடி விழும் இடத்தில் குரல் ஒதுங்கிவிடுகிறது. மண்டபத்துச் சத்தத்தில் பாதிப் பாட்டுகள் கூழாகிவிடும், இது ஆகவில்லை. அதே வருஷம் ஜூனில் 'ஆச கூட' வந்தது, கூடப் பிறந்த சாய் ஸ்மிருதியும் சேர்ந்து பாடியது. எனக்கு அதுதான் இன்னும் மேல். அந்தப் பெண்ணின் குரல் நுழையும் இடத்தில் சாப்பாட்டுப் பந்தியில் இருக்கிறவர்கள்கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு, தனிப்பாட்டு இப்போதுதான் பிறந்தது போலப் பேசுகிறார்கள், அதுதான் எனக்குச் சிரிப்பு. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய மாரியம்மன் பாட்டுகள் எந்தப் படத்தில் வந்தன? சீர்காழியின் பிள்ளையார் பாட்டு எந்தப் படம்? ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அந்த அம்மாள் குரல் இல்லாமல் நம் பக்கத்தில் ஒரு தெரு உண்டா? தொண்ணூறுகளில் மால்குடி சுபாவின் பாப் கேசட்டை நாமே எத்தனை பேருக்குப் பதிந்து கொடுத்தோம். வழி புதுசு இல்லை, மச்சான். அரைக்கால் சட்டை போட்ட பையன்கூட வீட்டிலிருந்தே அந்த வழியில் ஏறமுடிகிறது, அதுதான் புதுசு.

வேடிக்கை என்னவென்றால், பெயர் வந்ததும் சினிமா வந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. சாய் அபயங்கர் 2025 தீபாவளிக்கு வந்த 'டியூட்' படத்துக்கு இசை. அதில் வரும் 'ஊரும் பிளட்' எங்கள் தெருவில் எல்லாப் பசங்கள் போனிலும் ஓடுகிறது. கேட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஆச கூட' பாட்டில் இருந்த நிதானம் அதில் இல்லை, படத்துக்குத் தேவைப்பட்டிருக்காது. நீ அனுப்பிய 'கோல்டன்' பாட்டைப் பார்த்துச் சிரித்தேன். நெட்ஃபிளிக்ஸ் பொம்மைப் படத்தில் வரும் கொரியப் பெண்கள் பாட்டு, 2025-இல் அங்கே பிரிட்டனிலும், அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. இங்கே பசங்கள் சினிமாவை விட்டு வெளியே வரப் பார்க்கிறார்கள், அங்கே உங்கள் முதலிடத்தில் சினிமாப் பாட்டு! பாட்டு மோசமில்லை. உச்சத்துக்கு ஏறும் இடத்தில் தொண்டையைக் கிழிக்கிறார்கள், சின்னவள் அதைக் குளியலறையில் முயற்சி செய்கிறாள், நான் வெளியே வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறேன்.

எனக்கு உள்ள மனக்குறை ஒன்றுதான், சரணம். நம் காலத்தில் 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டுக்கு மேல் ஏறாது. ஏழாவது பாட்டு கேட்டு அடம்பிடித்து, பாதியில் அறுந்து போனால் திரும்ப வந்து சண்டை போட்டவர்களை மறந்துவிட்டாயா? இப்போதைய பாட்டு என்றால் பக்கத்துக்கு ஒன்பது, பத்து தாராளமாக அடங்கும். இரண்டாவது சரணம் போய்விட்டது. அதற்கு முன்னால் வயலினோ புல்லாங்குழலோ கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருமே, அதுவும் போய்விட்டது. காரணம் எளிது. ஸ்பாட்டிஃபையில் ஒருவர் 30 வினாடி கேட்டால்தான் ஒரு கணக்கு. முப்பது வினாடிக்குள் கேட்பவன் அடுத்த பாட்டுக்குத் தாவாமல் இருக்கவேண்டும். அப்படியென்றால் முன்னிசை எதற்கு? எடுத்த எடுப்பிலேயே பல்லவியின் சாரத்தைக் கொடுத்துவிடு. அப்புறம் ரீல்ஸுக்குப் பதினைந்து வினாடி ஆட்டம் வேண்டும், அதற்கு ஒரு துண்டு. மீதிப் பாட்டு இந்த இரண்டையும் ஒட்டவைக்கும் பசை. எல்லாப் பாட்டும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் புதுசாக வருவதில் பெரும்பாலானவற்றைப் பாக்ஸில் முழுசாக ஓட்டினால், இரண்டாவது நிமிஷத்தில் ஆடுகிறவனே களைத்துப்போய் என்னைத் திரும்பிப் பார்க்கிறான்.

'மோனிகா' அதற்கு விலக்கு. 'கூலி' படத்துப் பாட்டு, அனிருத் இசை. வெளியான நாளிலிருந்து ரிசப்ஷனில் அது இல்லாமல் முடியவில்லை. அதில் மலையாள நடிகர் சௌபின் சாஹிர் போடும் ஆட்டம் தெரியும்தானே? குடியாத்தத்தில் ஒரு ரிசப்ஷனில், மாப்பிள்ளையின் பெரியப்பா, வேட்டியை மடித்துக் கட்டி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என் மிக்சர் மேல் வைத்துவிட்டுப் போய் அந்த ஆட்டத்தை ஆடினார். பொறுப்பாகப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வேறு போனார். பெண் வீட்டார் வாயைப் பிளந்தார்கள். இந்த மாதிரிப் பாட்டைப் பற்றி இசை விமர்சனம் எழுதிப் பயனில்லை.

'முத்தமழை' தனிக் கதை. 'தக் லைஃப்' படத்துக்காக ரகுமான் போட்டது, ஆல்பத்தில் 'தீ' என்ற பாடகி பாடியது. 2025 மே மாதம் இசை வெளியீட்டு விழாவில் தீ வராததால் சின்மயி மேடையில் பாடினார். அதோடு தமிழ்நாடே இரண்டு கட்சியாகிவிட்டது. ஜூனில் படம் வந்தால், தியேட்டரில் பாட்டையே காணோம்! படம் போன வேகம் உனக்குத் தெரியும். பாட்டு மட்டும் நிற்கிறது. என்னிடம் இரண்டும் இருக்கின்றன, 'மழை 1', 'மழை 2' என்று. என் தீர்ப்பைக் கேட்டால் இரண்டு கட்சியும் அடிக்க வரும். மண்டபத்துக்குச் சின்மயி, பாத்திரம் உருளும் சத்தத்தையும் குழந்தைகள் கூச்சலையும் தாண்டி அந்தக் குரல் கடைசி வரிசைக்குப் போகும். ராத்திரி சாமான் ஏற்றிவிட்டு வண்டியில் பள்ளிகொண்டா வழியாகத் திரும்பும்போது தீ. அந்தக் குரலில் இருக்கும் கரகரப்பு ஆளில்லாத ரோட்டுக்குத்தான் சரியாக இருக்கிறது.

தீ என்றதும், அவளோடு சேர்ந்து 'எஞ்சாய் எஞ்சாமி' பாடிய அறிவு ஞாபகம் வருகிறான். நம்ம அரக்கோணத்துப் பையன். 2019-இல் மாவட்டத்தைப் பிரித்து அரக்கோணத்தை ராணிப்பேட்டையில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் நமக்கு எல்லாம் வட ஆற்காடுதானே. 2021 மார்ச்சில் அந்தப் பாட்டு வந்தபோது எல்லாப் பட்டியலிலும் ஏறியது. யாருக்கு எவ்வளவு பெயர் என்று பின்னால் எழுந்த சர்ச்சையை நீயும் படித்திருப்பாய், அதற்குள் போகவில்லை. எனக்கு ஆச்சரியம் வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் கதையை, ஒப்பாரியையும் சேர்த்து, ஆடுகிற பாட்டுக்குள் வைத்துவிட்டார்கள். கே.வி.குப்பம் பக்கம் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பசங்கள் ஆடி முடித்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். நாற்று நடப் போகிற பெண்கள் நாலைந்து பேர் வந்து, "அண்ணா, வள்ளியம்மா பேரன் பாட்டு இன்னொரு தடவை போடுண்ணா" என்றார்கள். ஆடவில்லை. பந்தலின் கம்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்று கேட்டார்கள், அந்த ஒப்பாரிப் பகுதியை முக்கியமாக. அந்தப் பாட்டு வந்து வருஷம் ஆகிவிட்டது, எந்தப் பட்டியலிலும் அப்போது அது இல்லை.

உங்கள் பிரிட்டன் பட்டியலின் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது, விதி எல்லாம் தெளிவாக இருக்கிறது. காசு கட்டிக் கேட்பவர்கள் 100 தடவை கேட்டால் ஒரு விற்பனை, இலவசமாகக் கேட்பவர்கள் என்றால் 600 தடவை. பத்து வாரம் பட்டியலில் இருந்துவிட்டு, தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் அப்புறம் 200, 1200. அதாவது வயதான பாட்டுக்குக் கணக்கில் பாதி வெட்டு. புதுசுக்கு இடம் வேண்டும், சரி. ஆனால் பாடகி கேட் புஷ்ஷின் 1985 பாட்டு 2022-இல் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரால் திரும்பி வந்தபோது விதியைத் தளர்த்தித்தானே 37 வருஷம் கழித்து முதலிடம் கொடுக்கவேண்டியிருந்தது? 1984-இல் வந்த 'லாஸ்ட் கிறிஸ்துமஸ்' முதல்முறை முதலிடம் பிடித்தது 2021-இல். இப்போதும் உன் காதில் விழுந்துகொண்டிருக்கும், டிசம்பர் ஆயிற்றே. இன்னொரு விதி, பட்டியலில் ஒரு பாடகருக்கு மூன்று பாட்டுக்கு மேல் கிடையாது. 2017-இல் எட் ஷீரன் முதல் 20 இடத்தில் 16-ஐ ஒரே வாரத்தில் வளைத்துப் போட்டதால் வந்தது என்கிறார்கள். இங்கே அந்த விதியைக் கொண்டுவந்தால் அனிருத் ரசிகர்கள் ரயில் மறியல் செய்வார்கள்.

என்னிடமும் ஒரு பட்டியல் இருக்கிறது, பென்டிரைவில். மேலே பிளாஸ்திரி ஒட்டி பால்பாயிண்ட் பேனாவால் 'மெயின்' என்று எழுதியிருக்கிறேன், கைவியர்வையில் பாதி அழிந்துவிட்டது. உள்ளே 'மாப்பிள்ளை அழைப்பு', 'பந்தி', 'கோயில்', 'புதுசு' என்று பிரித்து வைத்திருக்கிறேன். வருகிற பாட்டு எதுவாக இருந்தாலும் முதலில் 'புதுசு'க்குள். பசங்கள் கேட்டால் அங்கேயே இருக்கும். பெண்ணுடைய அம்மாவோ, சமையல்காரரோ, வாழையிலை இறக்க வந்தவரோ கேட்டால் மற்ற மூன்றில் ஒன்றுக்கு மாறும். மார்கழியில் உட்கார்ந்து, யாருமே கேட்காததை அழிப்பேன். நேற்று அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். பத்துக் கோடி, இருபது கோடி பார்வை வாங்கியவை எல்லாம் சத்தமில்லாமல் போயின. 'கட்சி சேர' 'மாப்பிள்ளை அழைப்பு'க்குப் போயிருக்கிறது, 'ஆச கூட' பந்திக்கு. மழை இரண்டும் பந்திக்கே. 'மோனிகா'வை இன்னும் 'புதுசு'க்குள்ளேயே வைத்திருக்கிறேன். பெரியப்பா ஆடியது சரி, அடுத்த ஆவணியில் யாராவது கேட்கிறார்களா பார்ப்போம்.

தையில் உன் சின்ன மாமா பெண்ணுக்குக் குடியாத்தத்தில் கல்யாணம், பத்திரிகை வந்திருக்கும். மைக்செட் நம்முடையதுதான். நீ வருவதாக மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார், டிக்கெட் போட்டுவிட்டாயா என்று உடனே எழுது. வரும்போது அந்த ஊர்ப் பாட்டில் நல்லதாக ரெண்டு மூன்று கொண்டு வா, பந்தியில் போட்டுப் பார்க்கலாம். 'கோல்டன்' மட்டும் வேண்டாம். என்னைக் கேட்காமலே சின்னவள் அதைக் 'கோயில்' போல்டருக்குள் ஏற்றி வைத்திருக்கிறாள்.

அன்புடன்,
உன் மைக்செட்