குளிரும் பழுப்புக் கொழுப்பும்: செல்வத்துக்கு ஒரு கடிதம்

ராயபுரம், சென்னை

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. எரிந்து உடம்புக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பைப் பற்றிய ஆய்வில் இறங்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. பெரியவர்கள் உடம்பிலும் அது வேலை செய்கிறது என்று 2009இல் மூன்று ஆய்வுகள் சேர்ந்தாற்போல் வந்து நிலைநாட்டின. மார்கழியிலும் 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் ஊரில் வளர்ந்த உடம்பு குளிருக்கு என்ன செய்கிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

ஆய்வுக்கு வருகிறவர்களை எத்தனை டிகிரியில் குளிர வைப்பது என்று கேட்டிருந்தாய். எல்லாருக்கும் ஒரே அளவு வைக்காதே. 14 டிகிரித் தண்ணீர் ஒல்லியான ஆளை நடுங்க வைத்துவிடும். பருமனானவருக்கு உறைக்கவே உறைக்காது. தண்ணீர் ஓடும் வெஸ்டைப் போட்டுப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வா. நடுக்கம் எட்டிப் பார்த்ததும் 2, 3 டிகிரி ஏற்றி அங்கேயே நிறுத்து. ஒரு மணி நேரம் கழித்து எஃப்டிஜி (கதிரியக்கம் ஏற்றிய, குளுக்கோஸ் போன்ற மருந்து) ஊசி. அதற்கப்புறமும் ஒரு மணி நேரம் அதே குளிர், பிறகு பெட்-சிடி ஸ்கேன்: பெட் அந்த மருந்து சேரும் இடத்தைக் காட்டும், சிடி உடம்பின் அமைப்பைக் காட்டும். நடுங்கினால் கழுத்துத் தசையும் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். காறை எலும்புக்கு மேலே மின்னுவது தசையா கொழுப்பா என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஆளைக் குளிர வைப்பதற்கு முன்பே வென்ஃப்ளானை (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போட்டுவிடு. குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிக் குத்த இடம் கிடைக்காது. மருந்து கசிந்து கையிலேயே தங்கினால் எஸ்யூவி (மருந்து எவ்வளவு ஏறியது என்ற அளவு) கணக்கே பொய்யாகும். நம் ஊர்க் காற்றில் இன்னொரு தொல்லை: அறைக் கதவைத் திறந்து திறந்து மூடினால் வெஸ்டின் குழாயெல்லாம் வியர்த்துச் சட்டை நனையும். ஈரச் சட்டை வெஸ்டைவிட அதிகமாகக் குளிர்த்தும். நீ குறித்துவைத்த டிகிரிக்கு அர்த்தமில்லாமல் போகும். ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு ஈரத்தை இறக்கிவிடு, மாற்றுச் சட்டையும் வைத்திரு.

ஊழியர்களிடம் முன்னாடியே சொல்லிவை. புற்றுநோய் ஸ்கேனில் பழுப்புக் கொழுப்பும் மின்னிக் குழப்பக் கூடாது என்று கம்பளி போர்த்தியே பழகிய கைகள் அவை. இரக்கப்பட்டு உன் ஆளுக்கும் போர்த்திவிடுவார்கள். தலைவலிக்கு ப்ரொப்ரனலால் சாப்பிடுபவர்களைச் சேர்க்காதே, அது இந்தக் கொழுப்பை அடக்கிவிடும். காலையில் காபி கூடாது.

படத்தைப் படிக்கும்போது சிடியில் மைனஸ் 190 முதல் மைனஸ் 10 ஹெச்யூ (சிடியில் அடர்த்தியின் அளவு), பெட்டில் கொழுப்பு நீக்கிய எடைக்குக் கணக்கிட்ட எஸ்யூவி 1.2க்கு மேல், இரண்டும் பொருந்தும் இடத்தை மட்டும் எடு. சிடிக்கும் பெட்டுக்கும் நடுவே தலை கொஞ்சம் திரும்பினாலும் இரண்டு படமும் விலகி, பாதிக் கொழுப்பு கணக்கிலிருந்து நழுவும். தலைக்கு இருபுறமும் தாங்கி வைத்துப் பட்டை போடு.

நான் அழுத்திச் சொல்ல நினைப்பது இதுதான். எஃப்டிஜி காட்டுவது குளுக்கோஸ் போகிற வழியை மட்டும். இந்தக் கொழுப்பு முதலில் எரிப்பது தனக்குள்ளே இருக்கும் கொழுப்புத் துளிகளை. சர்க்கரை நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் இழுப்பு குறைந்தும், எரிப்பு குறையாமல் இருப்பதைக் எரிப்பின் வேகத்தைக் காட்டும் கார்பன்-11 அசிடேட் ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். கார்பன்-11இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான், பக்கத்திலேயே சைக்ளோட்ரான் (கதிரியக்கப் பொருள் தயாரிக்கும் இயந்திரம்) இல்லாமல் முடியாது. ஆகவே சர்க்கரை உள்ளவருக்குப் படம் இருட்டாக வந்தால் ‘பழுப்புக் கொழுப்பு இல்லை’ என்று எழுதிவிடாதே. ‘எஃப்டிஜி ஏற்கவில்லை’ என்று எழுது.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்து ஏற்றுகிறவர்களை ஒரு குழுவாகச் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 15, 16 டிகிரி அறையில் தினம் 6 மணி நேரமாகப் பத்து நாள் இருந்தவர்களுக்கே பழுப்புக் கொழுப்பு கூடியிருக்கிறது. வெயிலும் ஐஸும் மாறி மாறிப் படுகிற உடம்பில் எப்படியோ! கதிர்வீச்சைத் தவிர்க்க, அவர்களுக்கு முதலில் எம்ஆர்ஐயில் கொழுப்பு விகிதம் பார்ப்பதே முறை. குளிரில் வரும் மாற்றம் சிறியது, மூச்சு அசைவே அதை மறைத்துவிடும், ஆனாலும் தொடங்கலாம்.

வெஸ்டுக்கான தண்ணீரைக் குளிர்த்தும் உன் சில்லர் எத்தனை டிகிரி வரை இறங்கும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓட்டும் என்று எழுது. அதற்கேற்ற நேர அட்டவணை போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
குமரன்