குழாய் போடுபவரையும் கூட்டத்துக்கு அழையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் மொத்தத் தளப்பரப்பு 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டடங்களுக்கு 2025 அக்டோபர் முதல் அரசின் மின்னிலக்க ஒப்புதல் தளமான கோர்நெட் எக்ஸ் வழியாகத்தான் ஒப்புதல் கேட்க வேண்டும். கட்டடக் கலைஞரும் பொறியாளர்களும் தனித்தனியாக வரைபடம் கொடுத்த காலம் போய், ஒரே ஒருங்கிணைந்த கணினி மாதிரியைச் சேர்ந்து கொடுக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த மாதிரி முடிவாகும் நாளில், குழாய் போடப்போகும் துணைக் குத்தகையாளர் பல திட்டங்களில் இன்னும் நியமிக்கப்பட்டிருக்கவே மாட்டார். வேலையிடத்தில் வரும் சண்டைகளில் பாதிக்கு இதுதான் வேர்.

ஒரு நடைபாதையின் பொய்க்கூரைக்கு மேலே பாருங்கள். கழிவுநீர்க் குழாய், ஏர்கான் காற்று போகும் டக்ட், மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் டிரே, தீயணைக்கும் ஸ்பிரிங்க்ளர் குழாய் எல்லாம் அந்தக் குறுகிய இடத்துக்குள் போக வேண்டும். இவற்றில் விட்டுக்கொடுக்கவே முடியாதது கழிவுநீர்க் குழாய். தண்ணீர் தானாக ஓட 60-க்கு 1 சரிவு என்றால் 6 மீட்டரில் 100 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். 40-க்கு 1 என்றால் 150. ஸ்பிரிங்க்ளர் குழாயில் அழுத்தம் உண்டு, மேலேயோ கீழேயோ வளைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் கழிவுநீர், அடுத்து பெரிய டக்ட், பிறகு டிரே, கடைசியில் ஸ்பிரிங்க்ளர் என்று இடம் ஒதுக்குவதுதான் முறை. நடப்பதோ வேறு. யார் முதலில் ஏணி போடுகிறாரோ அவருக்கே நல்ல இடம். பின்னால் வரும் பிளம்பர் சரிவைக் குறைத்து ஒப்பேற்றுவார். வீட்டில் ஆள் குடிவந்த பிறகு அடைப்பு வரும்.

குழாய் நுழைய உத்தரத்துக்குள் முன்கூட்டியே வைக்கும் உறையான ஸ்லீவ் விட்டுப்போனால் இன்னும் மோசம். கான்கிரீட் இறுகிய பிறகு கோரிங் செய்தால், அதாவது இயந்திரத்தால் துளையிட்டால், உள்ளே இருக்கும் வளையக் கம்பி அறுபடலாம். எஃகு வடங்களை உள்ளே இழுத்துக் கட்டிய போஸ்ட் டென்ஷன் தளமாக இருந்து, ஸ்கேன் பண்ணாமல் துளைத்து டெண்டன் என்ற அந்த வடம் அறுந்தால் அது உயிர் ஆபத்து. பொறியாளரின் அனுமதி வரும்வரை வேலையும் நிற்கும்.

இதைத் திட்ட மேலாளர் நினைத்தால் தடுக்கலாம். ஸ்லீவ்களை மட்டும் காட்டும் ஒரு வரைபடம், துறைக்கு ஒரு வண்ணம். அளவுகளைச் சுவரிலிருந்து குறிக்கக் கூடாது. கான்கிரீட் ஊற்ற ஷட்டரிங் பலகை அடிக்கும் நாளில் சுவர் ஏது? வரைபடத்தின் அடிப்படை அச்சான கிரிட் கோட்டிலிருந்து குறிக்க வேண்டும். ஸ்லீவைக் கம்பியோடு இறுகக் கட்டி, இரு வாயையும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர் பட்டு நகரும், உள்ளே சிமெண்ட் பால் இறங்கும். ஊற்றுவதற்கு முதல்நாள் கம்பி, ஷட்டரிங், பிளம்பிங், மின்சாரம் நான்கின் ஃபோர்மன்களும் நேரில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒருவர் “இன்னும் ஆகவில்லை” என்றாலும் ஊற்றக் கூடாது.

இங்கேதான் தலைமையின் தரம் தெரியும். கான்கிரீட் லாரிக்குச் சொல்லியாயிற்று, பம்ப் வந்துவிட்டது என்ற நிலையில் நிறுத்தச் சொல்ல ஃபோர்மனுக்குத் துணிவு வருமா? முன்பு ஒருமுறை சொன்னவர் திட்டு வாங்கியிருந்தால் வரவே வராது.

கூட்டத்தின் மொழியையும் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்தில் விறுவிறுவென்று பேசி முடித்தால் தமிழ், வங்காள ஃபோர்மன்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். “புரிந்ததா?” என்று கேட்பதில் பயனில்லை. பலகையில் வரையச் சொல்லுங்கள், புரியாத இடம் தானே வெளிப்படும்.

பொதுத்துறைக் கட்டுமான ஒப்பந்த விதிகளில் கூட்டுப்பணிக்கென்றே விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் தனிப் பகுதி இருக்கிறது. சிக்கலை முன்கூட்டியே தெரிவிப்பதும் அதில் ஒரு கடமை. தனியார் திட்டங்கள் பலவற்றில் குறையை முதலில் சொல்பவர் தலையில்தான் செலவு விடிகிறது, யார் வாய் திறப்பார்? தனியார் மேம்பாட்டாளர்களும் இத்தகைய விதியைச் சேர்க்க வேண்டும். துணைக் குத்தகையாளரைக் கட்டுமான ஒப்புதல் கட்டத்துக்கு முன்பே நியமிப்பதோடு, அவருடைய ஃபோர்மன் ஒருங்கிணைப்புக் கூட்டத்தில் உட்காரும் நேரத்துக்கும் ஏலக்குத்தகை விலைப்பட்டியலில் ஒரு வரி ஒதுக்க வேண்டும். இப்போது அது இனாம் வேலை. அதனால்தான் கூட்டத்துக்கு எப்போதும் ஆகப் புதிய பையனை அனுப்புகிறார்கள்.

– கட்டுமானத் துறை வாசகர், சிங்கப்பூர்