சதையிக்குச் சொல்வது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த நீரிழிவுக் கட்டுரையை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சீனி வருத்தத்துக்குப் பல வருடமாக ஊசி போடுபவர். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சாப்பாடு குடலுக்கு வந்திட்டுதெண்டு சதையிக்கு ஆர் பிள்ளை சொல்லுறது?" என்றார். சதையி (கணையம்) சமிபாட்டுச் சாற்றையும், குருதியில் சீனியைக் குறைக்கும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. கட்டுரையில் அக்காவின் கேள்விக்குப் பதில் இல்லை.

சொல்வது குடல்தான். 1902 இல் ஆங்கில உடலியல் ஆய்வாளர்களான பேலிசும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடற் துண்டுக்குப் போகும் நரம்புகளை அறுத்துவிட்டு அதனுள் அமிலம் விட்டார்கள். அப்போதும் சதையி சமிபாட்டுச் சாற்றைச் சுரந்தது. குடலின் உட்சவ்வைச் சுரண்டி எடுத்த சாற்றைக் குருதி நாளத்தில் ஏற்றியபோதும் அதுவே நடந்தது. செய்தி குருதி வழியே போயிருக்கிறது. இப்படிக் குருதி வழியே செய்தி கொண்டுபோகும் பொருளுக்கு 'ஓமோன்' என்ற சொல் அதற்குப் பிறகு, 1905 இல் வந்தது. இன்சுலினுக்கும் குடல் இப்படித்தான் சொல்லி அனுப்புகிறது. குளுக்கோசை நாளத்தில் ஏற்றுவதைவிட வாயால் குடித்தால் கூடுதலாக இன்சுலின் சுரப்பது அதனால்தான்.

குடலுக்கும் இன்சுலினுக்கும் உள்ள இந்த உறவு மிகப் பழையது. நான் முல்லைத்தீவில் உயிரியல் படிப்பித்தவள். ஒருமுறை கடற்றொழிலாளி ஒருவரின் மகன், நாயாற்றுக் களப்பில் நெடுநாள் கிடந்த கயிற்றை வாளியோடு வகுப்புக்குக் கொண்டுவந்தான். அதில் தோற்பை போல ஒன்று ஒட்டியிருந்தது. அமத்தினால் தண்ணீர் பீச்சியது. அது ஆங்கிலத்தில் 'sea squirt' எனப்படும் கடல் விலங்கு என்றபோது பிள்ளைகள் நம்பவில்லை. குஞ்சுப் பருவத்தில் வாற்பேத்தை போல நீந்தும், அப்போது உடலைத் தாங்கும் கோல் போன்ற முதுகுநாணும் இருக்கும், முள்ளந்தண்டுள்ள நமக்கு அது தூரத்துச் சொந்தம் என்று விளங்கப்படுத்தினேன். அதன் குடலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எனக்கே அன்று தெரியாது. இன்றும் அது மனதை உறுத்துகிறது.

அந்த உயிருக்குச் சதையியே இல்லை. இன்சுலினை ஒத்த பொருளைச் சுரக்கும் கலங்கள் (செல்கள்) அதன் குடற்சுவரிலேயே, மற்றக் கலங்களுக்கிடையே, ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. தாடையில்லாத ஆதி மீன்களில் அவை பித்தக்கான் குடலில் திறக்கும் இடத்தருகே கூட்டமாகச் சேர்கின்றன. சுறாவில் சதையிக்குள் இடம் பிடித்துவிடுகின்றன. நம் குடற்சுவரில் இன்றும் ஓமோன் கலங்கள் அதே மாதிரிச் சிதறித்தான் இருக்கின்றன. நீரிழிவுக்கு இப்போது வரும் புதிய ஊசிகள் சில, அவற்றின் ஓமோன் ஒன்றைப் போலவே வேலை செய்பவை.

உங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் படத்தோடு போடுங்கள் ஐயா. கரையோரப் பள்ளி ஆசிரியர்களும் கயிற்றில் ஒட்டியதைச் சுரண்டி எறியும் முன் பிள்ளைகளுக்கு ஒருமுறை வெட்டிக் காட்ட வேண்டும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அச்சிட்டால் நல்லது. அக்காவுக்குக் கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
முல்லைத்தீவு.